'உண்மைச் சம்பவம்' என்ற விளம்பரம்: தொடர் கொலைப் படங்கள் ஊர்ப் பெயர்களை எடுத்துக்கொள்வது எப்படி? சட்டம் சொல்வது என்ன?

கோலார் தங்க வயல்: கோலார் தங்க வயலிலிருந்து பெங்களூருக்குச் சாலை வழியாகச் செல்வோர் பங்காரப்பேட்டை, கோலார், நரசாபுரம் ஆகிய ஊர்களைக் கடந்து ஹொசகோட்டேயை அடைகின்றனர். அந்த ஹொசகோட்டே வட்டத்தில் தண்டுபாளையா என்ற சிற்றூர் உள்ளது. கன்னடத்தில் 'தண்டு' என்றால் படை. 'பாளையா' என்பது தமிழின் 'பாளையம்'. படை முகாமிட்ட ஊர் என்ற பொருளைத் தரும் இந்தப் பெயர், இன்று மூன்று மாநிலங்களில் வேறொரு பொருளில்தான் அறியப்படுகிறது. கழுத்தை அறுத்துக் கொல்லும் கும்பலின் பெயராக அது மாறிவிட்டது.

இந்த மாற்றத்தைத் தொடங்கி வைத்தவை 1990களின் இறுதியில் நடந்த கொடூரமான குற்றங்கள். அதை மாநில எல்லை தாண்டிக் கொண்டு சென்றவை 2012 முதல் அடுத்தடுத்து வெளியான குறைந்த செலவுத் திரைப்படங்கள். கொலையாளிகளின் கதையைப் படமாக்குவதில் சட்டம் யாரைக் காக்கிறது, யாரைக் காக்கவில்லை என்ற கேள்விக்கு இந்த ஊரின் அனுபவம் தெளிவான எடுத்துக்காட்டாக உள்ளது.

'ஸ்லாஷர்' படம் என்றால் என்ன?

ஒரு கொலையாளி அல்லது ஒரு கும்பல், ஒருவர் பின் ஒருவராகப் பலரைக் கத்தி, அரிவாள் போன்ற கூரிய கருவிகளால் கொல்வதையே மையமாகக் கொண்ட படங்கள் 'ஸ்லாஷர்' என அழைக்கப்படுகின்றன. துப்பறியும் படங்களில் கொலையாளி யார் என்ற புதிர் முக்கியமானது. ஸ்லாஷர் படங்களில் அடுத்த கொலை எப்போது, எப்படி நிகழும் என்ற அச்சமே முக்கியமானது.

இவற்றில் ஒரு பகுதி 'எக்ஸ்ப்ளாய்டேஷன்' வகையைச் சேர்ந்தது. மக்களின் அச்சம், வன்முறை மீதான ஆர்வம், பாலியல் ஈர்ப்பு ஆகியவற்றைக் காசாக்கும் நோக்கில் குறைந்த முதலீட்டில் எடுக்கப்படும் படங்களுக்கு இப்பெயர் வழங்கப்படுகிறது. பெரிய நடிகர்களுக்கான சம்பளம், ஆடம்பர அரங்குகள், வெளிநாட்டுப் படப்பிடிப்பு ஆகியவை இவற்றுக்குத் தேவையில்லை. தனித்திருக்கும் ஒரு வீடு, அதிகம் அறிமுகமில்லாத முகங்கள், இரவு, பின்னணி இசை ஆகியவையே போதுமானவை.

1978ஆம் ஆண்டு அமெரிக்காவில் ஜான் கார்பென்டர் இயக்கிய 'ஹாலோவீன்' திரைப்படம் சுமார் 3 லட்சம் டாலரில் எடுக்கப்பட்டு, சுமார் 7 கோடி டாலர் வசூலித்தது. அதன் பிறகு இதே வகைப் படங்கள் அலை அலையாக வெளிவந்ததற்கு இந்தக் கணக்கே முதன்மைக் காரணம்.

டெக்சாஸில் நடக்காத 'டெக்சாஸ்' கொலைகள்

உண்மைச் சம்பவம் என்ற அறிவிப்பு இத்தகைய படங்களுக்கு மலிவான விளம்பரமாக அமைகிறது. 1974இல் டோப் ஹூப்பர் இயக்கிய 'தி டெக்சாஸ் செயின் சா மாஸக்கர்' இதற்கு முன்னோடி. திரையில் காட்டப்படுவது உண்மையில் நடந்தது என்ற எண்ணத்தை ஏற்படுத்தியே அப்படம் விற்கப்பட்டது.

ஆனால், படத்தில் வரும் கொலைகள் டெக்சாஸ் மாநிலத்தில் நடக்கவில்லை. அதன் கொலையாளி பாத்திரத்துக்குத் தூண்டுதலாக இருந்தவர் விஸ்கான்சின் மாநிலத்தின் பிளெயின்ஃபீல்டு என்ற சிற்றூரில் 1957இல் கைதான எட் கீன். இரண்டு பெண்களைக் கொன்றதாக ஒப்புக்கொண்ட அவர், கல்லறைகளைத் தோண்டிச் சடலங்களையும் எடுத்திருந்தார். அதே எட் கீன் வழக்கின் சாயல் 1960இல் ஆல்ஃபிரட் ஹிட்ச்காக் இயக்கிய 'சைக்கோ'விலும் உண்டு. ஒரு மாநிலத்தில் நடந்த குற்றத்தை மற்றொரு மாநிலத்தின் பெயரில் 'உண்மை' என்று விற்க முடியும் என்பதை டெக்சாஸ் படம் காட்டியது.

தமிழில் இந்த மரபு

'ஹாலோவீன்' வெளியான அதே 1978ஆம் ஆண்டில், பாரதிராஜா இயக்கத்தில் கமல் ஹாசன், ஸ்ரீதேவி நடித்த 'சிகப்பு ரோஜாக்கள்' தமிழில் வெளியானது. பெண்களைத் தொடர்ந்து கொல்பவனைக் கதாநாயகனாக நிறுத்திய அந்தப் படத்தைத் தொடர்ந்து, 1980இல் பாலு மகேந்திராவின் 'மூடுபனி' வந்தது. இவ்விரண்டும் தேர்ந்த இயக்குநர்கள் உளவியல் நோக்கில் எடுத்த படங்கள்.

குறைந்த செலவு, குறைந்த நாள், அதிக வசூல் என்ற கணக்குக்குத் தமிழில் நெருக்கமானது மணிவண்ணன் இயக்கி 1984இல் வெளியான 'நூறாவது நாள்'. சுமார் 12 நாட்களில் படமாக்கப்பட்டதாக அறியப்படும் அப்படம், இத்தாலிய இயக்குநர் லூசியோ ஃபுல்சியின் 1977ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றைத் தழுவியது. மொட்டைத் தலையும் சிவப்புக் கண்ணாடியுமாக வந்த சத்யராஜுக்கு அது திருப்புமுனையாக அமைந்தது. பின்னர் 9 பேர் கொல்லப்பட்ட ஒரு வழக்குடன் அப்படத்தின் பெயர் சேர்த்துப் பேசப்பட்டது. திரைப்படம் குற்றத்தைத் தூண்டுமா என்ற விவாதம் அப்போது தமிழகத்தில் எழுந்தது.

இந்தத் தமிழ்ப் படங்கள் எதுவும் ஓர் ஊரின் பெயரைத் தலைப்பில் தாங்கவில்லை. அந்த வழக்கத்தைப் பெரிய அளவில் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்தது 'தண்டுபாளையா'.

கும்பலும் படமும்

1990களின் இரண்டாம் பாதியில் பெங்களூரு மற்றும் சுற்றுவட்டாரங்களில் நடந்த தொடர் கொலை, கொள்ளைகளுக்குப் பொறுப்பானதாகக் காவல் துறை கூறிய கும்பலே 'தண்டுபாளையா கும்பல்'. நகரம் வேகமாக விரிவடைந்த காலம் அது. புறநகர்ப் பகுதிகளில் அக்கம்பக்கம் இல்லாத தனி வீடுகள் பெருகியிருந்தன. பகல் நேரத்தில் கும்பலைச் சேர்ந்த பெண் ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வருவார். வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பது தெரிந்ததும் ஆண்கள் உள்ளே நுழைவார்கள். காவல் துறை விவரித்த முறை இதுவே. கொல்லப்பட்டவர்களில் தனித்திருந்த பெண்களும் முதியவர்களும் இருந்தனர்.

பல வழக்குகள் பதிவாயின. விசாரணை நீதிமன்றம் சில வழக்குகளில் மரண தண்டனை விதித்தது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்புகள் அனைத்தும் அப்படியே நிலைக்கவில்லை. நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கையும் தனித்தனியாக, அதற்குரிய சாட்சியங்களைக் கொண்டு எடைபோட்டதன் விளைவு இது.

சீனிவாச ராஜு இயக்கிய 'தண்டுபாளையா' 2012ஆம் ஆண்டு ஜூன் மாதம் கன்னடத்தில் வெளியானது. 'முங்காரு மளே' படத்தின் மென்மையான நாயகியாக அறியப்பட்ட பூஜா காந்தி, கும்பலைச் சேர்ந்த பெண்ணாக நடித்தார். மகரந்த் தேஷ்பாண்டே கும்பலின் முக்கிய நபராகவும், பி.ரவிசங்கர் காவல் அதிகாரியாகவும் நடித்தனர். முன்னணிக் கதாநாயகர் எவரும் இல்லாமலேயே படம் வெற்றி பெற்றது. தெலுங்கில் 'தண்டுபாளையம்' என்ற பெயரில் வெளியாகி அங்கும் நன்றாக ஓடியது.

இந்த வெற்றியின் பொருளாதாரம் எளிமையானது. நாளிதழ்கள் ஏற்கெனவே மக்கள் மனத்தில் பதித்திருந்த பெயர் இலவச விளம்பரமானது. காவல் துறை வெளியிட்ட தகவல்களே கதையாயின. அச்சம் முன்பே தயாராக இருந்தது. திரையரங்குக்கு வந்தவர்கள் கதை தெரியாமல் வரவில்லை, செய்தியில் படித்ததைக் கண்ணால் பார்க்க வந்தனர்.

முதல் பாகத்தில் கொலையாளிகள், இரண்டாம் பாகத்தில்?

2017இல் வெளியான இரண்டாம் பாகம் கவனிக்கத்தக்க திருப்பத்தை எடுத்தது. முதல் படத்தில் ஈவிரக்கமற்ற கொலையாளிகளாகக் காட்டப்பட்டவர்கள், இதில் காவல் துறையின் சித்திரவதைக்கு ஆளாகிப் பொய் வழக்குகளில் சிக்கவைக்கப்பட்டவர்களாக இருக்கலாம் என்ற கோணம் முன்வைக்கப்பட்டது. ஒரு பெண் பத்திரிகையாளர் உண்மையைத் தேடுவதாகக் கதை அமைந்தது. இயக்குநர் அதே சீனிவாச ராஜு.

ஒரே சம்பவத்துக்கு ஒரே குழுவினர் அளித்த இரண்டு எதிரெதிர் விளக்கங்களில் எது உண்மை என்ற கேள்விக்குத் திரைப்படம் விடை தர வேண்டியதில்லை. இரண்டுக்கும் நுழைவுச்சீட்டு விற்கும். காவல் நிலையச் சித்திரவதை என்பது இந்தியாவில் உண்மையான, தீவிரமான பிரச்சினை. ஆனால், அந்தப் பாகம் வெளியானபோது சித்திரவதை பற்றிய விவாதத்தைவிட, தணிக்கையில் நீக்கப்பட்டதாகக் கூறப்பட்ட ஒரு நடிகையின் காட்சி சமூக ஊடகங்களில் கசிந்ததே அதிகம் பேசப்பட்டது. 2018இல் மூன்றாம் பாகமும், 2019இல் வேறு இயக்குநரின் கையில் நான்காம் பாகமும் வந்தன.

மதுரைக்கு வந்த பெங்களூருக் கொலைகள்

முதல் படத்தின் தமிழ் மொழிமாற்றத்துக்கு வைக்கப்பட்ட பெயர் 'கரிமேடு'. மதுரையில் இருக்கும் ஒரு பகுதியின் பெயர் அது. பெங்களூருப் புறநகர்க் கொலைகளுக்கும் மதுரையின் கரிமேட்டுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

தமிழ்ப் பார்வையாளர்களுக்குத் 'தண்டுபாளையா' பழக்கமற்ற சொல். அதன் இடத்தில் பழக்கமான, முரட்டுத்தனமாக ஒலிக்கும் ஓர் ஊர்ப் பெயர் வணிகத்துக்குத் தேவைப்பட்டது. டெக்சாஸ் படத்தில் நடந்ததே இங்கும் நடந்தது. குற்றத்துடன் தொடர்பே இல்லாத ஓர் இடத்தின் மீது குற்றத்தின் நிழல் விழுந்தது. பெருநகர் ஒன்றின் பகுதியான கரிமேடு அந்த நிழலைத் தாங்கிக்கொண்டது. பெயரைத் தவிர வெளியுலகில் வேறு அடையாளம் இல்லாத சிற்றூருக்கு அது எளிதன்று. வேலைக்கான விண்ணப்பத்திலும், திருமணப் பேச்சிலும், வாடகை வீடு கேட்கும்போதும் சொந்த ஊர் எது என்ற கேள்வி வரும்.

கொலையாளியின் கதையை யார் சொல்லலாம்?

தொடர் கொலையாளிகள் பற்றிய படைப்புகளுக்கு இந்தியாவில் அடிப்படையாக விளங்கும் தீர்ப்பு, தமிழகத்தைச் சேர்ந்த வழக்கிலிருந்தே பிறந்தது. சென்னைத் திருவான்மியூர்ப் பகுதிக் கொலை வழக்குகளில் மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கர், சிறையில் தன் வரலாற்றை எழுதினார். அதிகாரிகள் சிலருடன் தனக்கிருந்த தொடர்புகளை அவர் அதில் கூறியிருந்ததாகச் சொல்லப்பட்டது. 'நக்கீரன்' இதழ் அதை வெளியிட முற்பட்டபோது சிறைத் துறை எதிர்ப்புத் தெரிவித்தது. இதழின் ஆசிரியர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார்.

ஆர்.ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு என அறியப்படும் அந்த வழக்கில் 1994 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. அதன் சாரம் வருமாறு:

- ஒருவரின் தனிப்பட்ட வாழ்க்கையை அவருடைய ஒப்புதலின்றி வெளியிட முடியாது.
- நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இடம்பெற்ற செய்திகளை ஒப்புதல் இன்றியே வெளியிடலாம்.
- பாலியல் குற்றத்துக்கு ஆளான பெண்ணின் அடையாளத்துக்கு இந்த விலக்கு பொருந்தாது.
- அவதூறாக இருக்கும் என்ற அச்சத்தில் வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை.

ஆட்டோ சங்கர் 1995 ஏப்ரலில் சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 2019இல் அவருடைய கதை இணையத் தொடராகவும் வந்தது. தீர்ப்புகளையும் வழக்கு ஆவணங்களையும் அடிப்படையாகக் கொண்டு குற்றவாளிகளின் கதையைப் படமாக்குவோர் எவரிடமும் உரிமை வாங்க வேண்டிய தேவை இல்லாததற்கு இத்தீர்ப்பும் ஒரு காரணம். ஆனால், ஆவணத்தில் இருப்பதைத் தாண்டிக் கற்பனை சேர்க்கும்போது அந்தப் பாதுகாப்பு தேய்கிறது. பெரும்பாலான படங்களின் தொடக்கத்தில் 'உண்மைச் சம்பவம்' என்ற வரியும், 'யாரையும் குறிப்பிடுவன அல்ல' என்ற வரியும் அருகருகே தோன்றுவதன் காரணம் இதுதான். முதல் வரி வசூலுக்கானது. இரண்டாவது வரி வழக்குக்கானது.

இறந்தவர்களுக்கு உள்ள பாதுகாப்பு

கொல்லப்பட்டவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. முன்னாள் முதல்வர் ஜெயலலிதாவின் வாழ்க்கைப் படத்துக்கு எதிராக அவருடைய உறவினர் தொடர்ந்த வழக்கில், ஒருவரின் தனியுரிமையும் நற்பெயரும் அவருடைய மரணத்துடன் முடிவுக்கு வருகின்றன, அவை வாரிசுச் சொத்தாக இறங்குவதில்லை என 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் கூறியது. கொலையில் உறவினரை இழந்த குடும்பம், அந்த மரணம் திரையில் மீண்டும் நடித்துக் காட்டப்படுவதைத் தனியுரிமையின் பெயரால் தடுப்பது கடினம் என்பதே இதன் விளைவு.

இதற்கு முக்கியமான விதிவிலக்கு ஒன்று உண்டு. பாலியல் வன்கொடுமைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆவது பிரிவின்படி குற்றம். அவர் உயிருடன் இல்லாத நிலையிலும் இந்தப் பாதுகாப்பு தொடர்கிறது.

ஓர் ஊர் அவதூறு வழக்குத் தொடர முடியுமா?

தனிநபர் மட்டுமின்றி, ஒரு குழுவினரை இழிவுபடுத்துவதும் அவதூறாகலாம் எனச் சட்டம் கூறுகிறது. ஆனால், அந்தக் குழு தெளிவாக அடையாளம் காணக்கூடியதாக இருக்க வேண்டும். 1971இல் சேலத்தில் நடந்த மூடநம்பிக்கை ஒழிப்பு மாநாடு குறித்த செய்தி தொடர்பான வழக்கில் (ஜி.நரசிம்மன் எதிர் டி.வி.சொக்கப்பா), மாநாடு என்பது அத்தகைய திட்டவட்டமான குழு அன்று என 1972இல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்தது. ஆயிரக்கணக்கானோர் வாழும் ஊரோ, ஒரு நகரின் பகுதியோ இந்த அளவுகோலைத் தாண்டுவது எளிதன்று.

திரைப்படச் சான்றிதழ் வாரியத்துக்கு 1991ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளிலும் இந்த இடைவெளி தெரிகிறது. வன்முறையைப் போற்றிக் காட்டக் கூடாது, குற்றம் செய்யத் தூண்டும் வகையில் குற்றவாளிகளின் செயல்முறையைக் காட்டக் கூடாது, தேவையற்ற கொடூரக் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும், தனிநபரையோ குழுவையோ அவதூறு செய்யக் கூடாது என அந்நெறிகள் கூறுகின்றன. தலைப்பையும் கவனமாக ஆராய வேண்டும் என்ற விதியும் உண்டு. தலைப்பு ஆத்திரமூட்டுவதாகவோ, ஆபாசமாகவோ, புண்படுத்துவதாகவோ இருக்கக் கூடாது. ஊர்ப் பெயர் என்பது தன்னளவில் இவற்றில் எதுவும் அன்று. அதனால் அது எளிதில் கடந்துவிடுகிறது. படம் ஓடிய பிறகுதான் அந்தப் பெயர் புண்படுத்தும் சொல்லாக மாறுகிறது.

தங்க வயலின் அனுபவம்

திரைப்படம் ஓர் ஊர்ப் பெயரின் பொருளை மாற்றுவதைக் கோலார் தங்க வயலைவிட நன்கறிந்த இடம் வேறு இருக்காது. 1880களில் ஜான் டெய்லர் நிறுவனம் சுரங்கப் பணிகளைத் தொடங்கியபோது, வட ஆற்காடு, சேலம் உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தமிழ்த் தொழிலாளர்கள் இங்கே கொண்டுவரப்பட்டனர். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்துக்குச் சென்றது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. இன்று இங்குள்ளோர் பலர் வேலைக்காக நாள்தோறும் ரயிலில் பெங்களூருக்குச் சென்று திரும்புகின்றனர்.

2018லும் 2022லும் வெளியான 'கே.ஜி.எஃப்' படங்கள் இந்தப் பெயரை நாடெங்கும் கொண்டுசென்றன. கதை நடக்கும் 'நராச்சி' சுரங்கமும் அதன் கொடுங்கோலர்களும் கற்பனை. ஆனால், தலைப்பும் சயனைடு மேடுகள் என அழைக்கப்படும் கழிவு மண் குன்றுகளும் உண்மையானவை. தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு பயன்படுத்தியதால் எஞ்சிய அந்த மண் 3 கோடி டன்னுக்கும் மேல் குவிந்து கிடக்கிறது. படப்பிடிப்புக்கு அது கண்கவர் பின்னணி. காற்று வீசும்போது அதன் தூசியைச் சுவாசிப்போருக்கு அன்றாடப் பிரச்சினை.

'கே.ஜி.எஃப்' குறைந்த செலவுப் படமும் அன்று, தொடர் கொலையாளி படமும் அன்று. எனினும், தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் இதே வட்டாரத்தில் இரண்டு ஊர்ப் பெயர்கள் வணிகப் பெயர்களாக மாறியதில் ஒரு வேறுபாடு தெரிகிறது. தங்க வயலின் வரலாற்றை 2024இல் பா.ரஞ்சித் 'தங்கலான்' படத்தில் தொழிலாளர்களின் பக்கத்திலிருந்து அணுகினார். ஒரு பெயருக்கு மாற்றுக் கதை கிடைத்தது. தண்டுபாளையாவின் பெயரில் வந்த நான்கு படங்களும் கும்பலைச் சுற்றியே அமைந்தன. அந்த ஊரில் வாழும் மற்றவர்களின் கதை அவற்றில் இல்லை.

பார்வையாளர்கள் கவனிக்க வேண்டியவை

1. 'உண்மைச் சம்பவம்' என்ற அறிவிப்புடன் வரும் படம், எந்த வழக்கின் எந்தத் தீர்ப்பை அடிப்படையாகக் கொண்டது எனக் கூறுகிறதா என்று பார்க்கலாம். காவல் துறையின் குற்றச்சாட்டும் நீதிமன்றத்தின் முடிவும் ஒன்றல்ல.

2. வழக்கு மேல்முறையீட்டில் இருக்கும்போது வெளியாகும் படம், பின்னர் வரும் தீர்ப்பை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆண்டுகள் கழித்து அதே படம் இணையத்தில் மாற்றமின்றிக் கிடைக்கும்.

3. 2023ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தின்படி 'யு/ஏ' சான்றிதழ் 7+, 13+, 16+ என மூன்றாகப் பிரிக்கப்பட்டுள்ளது. 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்தைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்ப, உரிய மாற்றங்களுடன் புதிய சான்றிதழ் பெற வேண்டும்.

4. ஓ.டி.டி தளங்களுக்குச் சான்றிதழ் வாரியத்தின் முன்அனுமதி தேவையில்லை. 2021ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவை தாமே வயது வகைப்பாட்டை அளிக்க வேண்டும். ஒரு படைப்பு குறித்துப் புகார் இருந்தால் அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதலாம். 15 நாட்களுக்குள் அவர் முடிவைத் தெரிவிக்க வேண்டும். அதில் நிறைவில்லை என்றால், தளங்கள் சேர்ந்து அமைத்துள்ள சுய ஒழுங்காற்று அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம். கொலையுண்டவரின் குடும்பமும், பெயர் பயன்படுத்தப்பட்ட ஊரைச் சேர்ந்தவரும் நீதிமன்றம் செல்லாமல் தொடங்கக்கூடிய வழி இது.